புருனோவை அனுப்பிவிட்டார்களா?

அக்கராயன்
18.02.1986

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் மாமியும் சுகம். உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று இந்த முறையும் எழுத மறந்துவிட்டீர்கள். காலபோக நெல்லை வெட்டிச் சூடு அடித்து வீட்டுக்குள் ஏற்றிவிட்டோம். உழவு இயந்திரத்தோடு நடராசா அண்ணை வந்து நின்றபடியால் மழைக்கு முன் முடிந்தது. கமலிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சோறு கேட்டால் பாதிக் காற்றுத்தான் வருகிறது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஜேர்மனியில் அந்த மிருகக்காட்சிச்சாலையில் கூடு கழுவும் வேலை கிடைத்த நாளிலிருந்து ஒராங்குட்டான் குரங்குகளைப் பற்றி எழுதி வருகிறீர்கள். கிழவன் புருனோ வைக்கோலைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்கு ஒதுங்கியவன் போல இருப்பதும், ரோசா உங்கள் தும்புத்தடியைப் பறித்துத் தானே கூட்டுவதும் பிள்ளைக்குச் சோறூட்டும் கதைகளாகிவிட்டன. அவற்றின் குட்டியை ஒருவருக்கும் தெரியாமல் கமலி என்று கூப்பிடுகிறேன் என்று நீங்கள் எழுதியபோது நானும் சிரித்தேன்.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. புருனோ போர்னியோத் தீவாம், ரோசா சுமாத்திராத் தீவாம். இரத்தம் எடுத்துப் பார்த்தால் எந்தத் தீவு என்று தெரியுமாம். அங்கே காடுகளை வெட்டி முடிக்கிறார்களாம். அதனால் பல நாட்டு மிருகக்காட்சிச்சாலைக்காரரும் கூடிப் பேசி, இரண்டு இனத்தையும் கலக்காமல் வளர்த்தால்தான் பின்னுக்கு அவை மிஞ்சும் என்று முடிவெடுத்திருக்கிறார்களாம். புருனோ ஒல்லாந்துக்கு, அங்குள்ள போர்னியோப் பெண்ணிடம். ரோசாவுக்கு வேறொரு சுமாத்திரா ஆண். இரண்டும் கலந்து பிறந்த குட்டிக்கு மட்டும் எந்த நாளும் பிள்ளை வேண்டாம். அது பருவத்துக்கு வந்துவிட்டதால் காலையில் வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்து நீங்களே கொடுக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் அங்குள்ள மிருக டொக்டர் சொல்வது சரிதான் என்று முடித்திருக்கிறீர்கள்.

எனக்கும் விளங்குகிறது, அத்தான். நாங்களும் விதைநெல்லைக் கலக்காமல்தானே கட்டி வைக்கிறோம். ஆனாலும் எங்கள் பிள்ளையின் பெயரை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே அந்த மாத்திரையை எப்படி நீட்டுகிறீர்கள்?

கடிதத்தை மாமிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "பாத்தியே, வெள்ளைக்காரனும் கலப்பு வேண்டாம் எண்டுதானே சொல்லுறான்" என்றா. விளையாட்டுக்குச் சொல்கிறா என்று நினைத்தேன். அடுத்த நாள் குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

"பிள்ளை, நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்கேல்லை. என்ர தம்பி தன்ர மகள் இராசமலரை ஜேர்மனிக்கு அனுப்பப் போறான். அங்க அவள் என்ர பரமுவைக் கட்டினால் அவளுக்கும் ஒரு வழி, அவனுக்கும் ஒரு துணை. உங்களுக்குக் கலியாணப் பதிவும் இல்லை. உன்னைக் கூப்பிடுவம் எண்டாலும் ஆர் உனக்கு பாஸ்போட் தரப் போறாங்கள்? நீ ஒண்டும் கதைக்காமல் இரு. பிள்ளைக்கு நாங்கள் செய்வம்."

அவ சொன்னதில் பொய் இல்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தை எரித்தபோது உடுத்த சேலையோடு மலையிலிருந்து இறங்கி வந்தவள் நான். தோட்டத்துச் சனத்தில் பலரைப் போல எனக்கும் பிரசாவுரிமை இல்லை. கோயிலில் தாலி கட்டினீர்கள், பதிவைப் பிறகு பார்ப்போம் என்றீர்கள். பிறகு நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் அழவில்லை. "அப்ப கமலியை எந்தக் கூட்டில விடப்போறீங்க, மாமி?" என்றுதான் கேட்டேன். அவ எழும்பிப் போய்விட்டா. அடுத்த நாள் வழமைபோலப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டா. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நெல் அவிக்கப் போட்டால் அடிப்பிடிக்கிறது. தண்ணீர் அள்ளப் போய் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். மாமி இதையெல்லாம் உங்களுக்கு முதலே எழுதிவிட்டாவோ? அதற்கு ஓம் என்று நேரே சொல்ல வாய் வராமல்தான் குரங்குகளின் கதையை எனக்கு விளக்கி எழுதினீர்களோ? இல்லை, நான்தான் பித்துப் பிடித்து அப்படி நினைக்கிறேனோ?

இராசமலர் நல்ல பிள்ளை. அவளில் எனக்குக் கோபம் இல்லை. ஆமிக்காரன் ரோட்டில் நிற்கிற இந்த நேரத்தில் ஒரு குமர்ப்பிள்ளையை எங்காவது அனுப்பிவிடத்தான் பெற்றவர்கள் பார்ப்பார்கள்.

புருனோவை அனுப்பிவிட்டார்களா? கொண்டு போகும்போது ரோசா என்ன செய்தது? எனக்கு நோகும் என்று எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனிக்கச் சொல்லும்,
சிவலட்சுமி


அக்கராயன்
05.09.1986

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் வந்தது. எனக்கு இல்லை, மாமிக்கு. அவவின் கண்ணாடி உடைந்து போனபடியால் அதையும் நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

புருனோவுக்கு மயக்க ஊசி போட்டுப் பெட்டிக்குள் தூக்கியபோது, ரோசா கம்பிக்குள்ளால் கையை விட்டு அவன் மயிரைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதன் விரல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றிவிட்டது நீங்கள்தானாம். பிறகு ரோசா சாப்பாட்டைத் தொடவில்லை, புது ஆண் வந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அதை வாசித்தபோது மாமி, "ஐயோ, வாயில்லாத சீவன்" என்றா. அதற்குக் கீழேதான் அந்த வரிகள் இருந்தன.

"அம்மா, அந்தப் பெட்டியில நானும் ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கினனான். அவையள் செய்யிறதில ஒரு நியாயம் இருக்கு. அது காட்டு மிருகங்களுக்கு. எங்களுக்கு அது வேண்டாம். இராசமலருக்கு வேற இடத்தில பாருங்கோ. எனக்கு மனுசி இருக்கிறா, பிள்ளை இருக்கு."

மாமி வெத்திலையை மடித்துக்கொண்டிருந்தா. கேட்டிருக்காது போல என்று நானே அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் சத்தமாக வாசித்தேன். "கேட்டிட்டுது, பிள்ளை. எனக்குக் கண்தான் தெரியேல்லை" என்றா. பிறகு, "அவன் அங்க தனிச்சுச் செத்துப்போவான் எண்ட பயத்தில கேட்டனான். கோவிக்காதை" என்றா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அடுத்த பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய்த் தம்பியிடம் மாமியே முகம் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தா. அவர் கோபத்தில் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். இப்போது இராசமலருக்குப் பிரான்சில் ஒரு மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது.

புருனோ ஒல்லாந்தில் புதுப் பெண்ணோடு ஒன்றாக இருந்து சாப்பிடுகிறான் என்று எழுதியிருந்ததும் நல்லது. அவன் வித்து என்றைக்காவது ஒரு காட்டில் திரியட்டும். அந்தத் திட்டத்தை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் குட்டிக் கமலிக்கு மாத்திரை கொடுக்கும்போது முதுகைக் கொஞ்சம் தடவிவிடுங்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்க மாட்டோம் என்று டொக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதை அவருக்கு மறக்காமல் நினைவுபடுத்திக்கொண்டே இருங்கள்.

இங்கே நிலைமை சரியில்லை. கிளிநொச்சி ஆமி முகாமிலிருந்து செல் குண்டு அடிக்கிறான். ஹெலிகொப்டர் வந்தால் பிள்ளை தானாகவே பாலை மரத்தடிக்கு ஓடுகிறாள். வயலை விட்டு வரமாட்டேன் என்ற மாமி நேற்றுத் தன் சேலைகளைப் பொட்டளியாகக் கட்டி வைத்துவிட்டா. இன்னும் மோசமானால் முள்ளியவளையில் என் அக்கா வீட்டுக்குப் போவோம். மூன்று பேரும் ஒன்றாகத்தான் போவோம்.

அத்தான், உங்களைத் தேடி வர எங்களுக்கு வழியில்லை. எந்த நாடும் எனக்குக் கதவு திறக்காது. அக்கராயனுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தால் முள்ளியவளைக்கு எழுதுங்கள். அங்கிருந்தும் திரும்பி வந்தால், வன்னியிலிருந்து புதிதாக வருகிற ஆட்களிடம் கேளுங்கள். மலைநாட்டுப் பெண் ஒருத்தி, கூட ஒரு வயதான அம்மா, முன்பல் இன்னும் சரியாக முளைக்காத ஒரு சின்னப்பெண் என்று அடையாளம் சொல்லிக் கேளுங்கள். ஒருவரும் காணவில்லை என்றாலும் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மனுசி,
சிவலட்சுமி