நீல விளக்கில் நீ கண்ட தேள்

இதை எழுதும்போது நூலகத்துப் புத்தகம் ஒன்று பக்கத்தில் திறந்து கிடக்கிறது. பாலைவனத் தேளைப் பற்றிய பக்கம். எழுபது வயதில் எழுதப் படிக்க வந்த சந்தோஷத்தில் மருந்துச் சீட்டு, பஸ் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். முந்தாநாள் இந்தப் பக்கத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடித்தபோது அன்று நீ போட்ட அலறல் காதில் கேட்டது.

நாம் இருவரும் கொச்சியில் மூட்டை சுமந்த காலம். மட்டாஞ்சேரிக் கிடங்கில் ராஜஸ்தான் சீரகம் இறக்கிய மழைநாள் அது. சாரலுக்குக் கதவைச் சாத்தியிருந்தோம். உள்ளறை இருட்டில் ஈ பிடிக்கும் நீல விளக்கு மட்டும் எரிந்தது. அங்கிருந்து நீ அலறிக்கொண்டு ஓடி வந்தாய்.

"டேய், உள்ள ஒரு தேளு! பச்சையா எரியுதுடா, மின்மினி கணக்கா!"

சுமைக்காரர்களின் தலைவரான மூப்பன் உன் வாயை முகர்ந்தார். முந்தின நாள் கள்ளின் வாசம் மிச்சம் இருந்தது. "எடா, காலையிலேயே ஏத்திட்டியா?"

"இல்ல சேட்டா, சத்தியமா!"

"இத்தன நாள் லாரியில பட்டினி கிடந்த தேளு உயிரோட வருமா? வந்து லைட்டும் போடுமா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ என் கையைப் பிடித்தாய். "நீ போய்ப் பாரு. நீ சொன்னா நம்புவாங்க."

போனேன். பயத்தில் டியூப்லைட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தேன். மூட்டை ஓரம் தேள் நின்றது. திரும்பி வந்து, "தேளு இருக்கு. பச்சையெல்லாம் இல்ல, வைக்கோல் நிறம்தான்" என்றேன்.

குடித்துவிட்டு மூட்டை அடுக்கில் ஏறினால் கீழே நிற்பவன் உயிருக்கு ஆபத்து. அதனால் அன்றே உன்னைச் சுமை வேலையிலிருந்து விலக்கினார்கள். நீ என்னைத் திட்டியிருக்கலாம். "நீ பொய் சொல்ல மாட்ட. அப்போ என் கண்ணுதான் பொய் சொல்லுது" என்றாய். குடியை விட்டாய். கண் ஆஸ்பத்திரிக்கு நடந்தாய். கோளாறு ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னதையும் நீ நம்பவில்லை.

இந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது: அந்தத் தேள் பல மாதம் தின்னாமல் கிடக்குமாம். மணலில் பூச்சி நடக்கும் அதிர்வைக் காலாலேயே அறியுமாம். அந்த மாதிரி நீல விளக்கு பட்டால் அதன் தோல் இருட்டில் பச்சையாக ஒளிருமாம். உரித்துப் போட்ட சட்டைகூட ஒளிருமாம். வெள்ளை வெளிச்சத்தில் அது தெரியாது. கடைசி வரியை நான்கு முறை படித்தேன். வெள்ளை வெளிச்சத்தைப் போட்டவன் நான்.

நேற்று புத்தகத்தோடு கொச்சங்காடியில் உன் வீட்டுக்குப் போய், எழுத்துத் தெரியாத உன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"நீல லைட்டு இருக்கிற கடையில அவரு கடைசி வரைக்கும் சாயா குடிக்கல அண்ணே. மறுபடி எதாவது தெரிஞ்சிட்டா என்ன பண்றதுன்னு பயம்." பிறகு, "இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

படித்தேன். 'பச்சையாக ஒளிர்வதைக் கண்டார்கள்' என்ற இடத்தில் உன் பெயரைச் சேர்த்துப் படித்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "புக்குலயே போட்டிருக்கா?"

"ஆமாம்" என்றேன்.

தெரிந்தே சொன்ன அந்தப் பொய் என்னிடம் இருக்கட்டும்.