பென்சிலால் குறித்த மூச்சு

என் செல்லப் பிள்ளை தேவகிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். 'ழ' இன்னும் என் சொல் கேட்பதில்லை. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் பிடித்தது. ஆனால் பார், அப்பா எழுதுகிறேன்! எழுபத்தாறு வயதுவரை கைநாட்டு வைத்த அப்பா.

நீ போன பிறகுதான் வீட்டுக்குக் கிட்ட, வோபர்னில் முதியோர் தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்துக் கதிரையில் இருக்கிற சிவம் அண்ணை முதல்நாளே கேட்டார்: "என்ன இராசையா, இந்த வயசிலை லோயராகப் போறீரோ?"

"ஓம் அண்ணை, உங்கடை வழக்குத்தான் முதல்."

ஏன் வந்தேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உன் பாட்டுப் புத்தகத்தில் நீ தமிழில் எழுதியதை வாசிக்கத்தான் வந்தேன்.

நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து பாடுகிற பாட்டு முதலில் எனக்குப் பிடிபடவேயில்லை. நானூறு வருடத்துக்கு முந்திய இத்தாலிப் பாட்டு. வயலின் இல்லை, மிருதங்கம் இல்லை, சுருதிப்பெட்டிகூட இல்லை. ஐந்து குரலும் ஐந்து வழியில் போகும். ஒருவர் நிறுத்தினால் தாங்க ஆளில்லை, அந்த இடம் ஓட்டைதான். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் குரல் மட்டும் அச்சடித்த மெல்லிய புத்தகம். வியாழக்கிழமைகளில் ஒத்திகைக்குப் போகும்போது உன்னுடையதை என் மடியில் வைத்துவிட்டுக் காரை ஓட்டுவாய்.

"அப்பா, தலைகீழாய்ப் பிடிச்சிருக்கிறியள்."

"எப்பிடிப் பிடிச்சாலும் எனக்கு ஒண்டுதான். இண்டைக்கும் சாகிற பாட்டோ?"

"ஓம். காதலிச்சுச் சாகினம்."

"உந்த இத்தாலிக்காரருக்கு வேறை வேலையே இல்லையோ?"

நீ சிரிப்பாய். சிரித்தால் இருமுவாய். கேட்டால் குளிர் என்பாய்.

போன மாதம் புத்தகத்தை விரித்தேன். இத்தாலிச் சொற்களுக்குக் கீழே அவற்றின் சத்தத்தை நீ தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாய். இங்கிலீசில் எழுதினால் நாக்கும் இங்கிலீசுக்குப் போய்விடும் என்று ஒருநாள் சொன்னாயே. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அர்த்தம் தெரியாது. ஆனால் உன் வாயில் கேட்ட அதே சத்தம் என் வாயில் வந்தது. தனியாக இருந்து கைதட்டினேன், பிள்ளை.

பிறகு 'மூ' என்ற எழுத்தைக் கண்டேன். மூச்சு எடுக்கிற இடம். முதல் பாட்டில் நான்கு. கடைசிப் பாட்டில் வரிக்கு இரண்டு, மூன்று. அதற்குக் கீழே சின்னதாக, "போதேல்லை." அவ்வளவு மூச்சும் உனக்குப் போதவில்லை. பின் மட்டையின் உள்ளே: "நுரையீரல் டொக்டர், செவ்வாய். அப்பாவுக்குச் சொல்லக் கூடாது."

ஆஸ்பத்திரியில் உன் வருத்தத்தைப் பற்றி உனக்குச் சொன்ன அன்றுதான் எனக்கும் சொன்னார்கள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பாடப் போகாமல் மறிப்பேன் என்று பயந்தாயா? மறித்துத்தான் இருப்பேன். மறித்திருந்தால் நீ இன்றைக்கு இருந்திருப்பாயா? எல்லாவற்றையும் என் மடியிலேயே வைத்து மறைத்தாயே.

நேற்று, மேல்குரல் பாடுகிற மரியா போன் எடுத்தா. உன் இடத்துக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், புத்தகம் வேண்டுமாம். பாடியவரே தன் பென்சில் குறிகளை அழித்துத் திருப்பிக் கொடுப்பதுதான் உங்கள் வழக்கமாம். "உங்களுக்குக் கஷ்டமெண்டால் நான் அழிக்கிறன்" என்று இங்கிலீசில், எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னா.

"வேண்டாம். அது என்ரை பிள்ளையின்ரை வேலை. நான் செய்யிறன்."

முதலில் எல்லாவற்றையும் என் கொப்பியில் பார்த்து எழுதினேன். பிறகு அழிறப்பர் எடுத்தேன். நீ தமிழில் எழுதிய இத்தாலிச் சொற்கள் போயின. டொக்டர் போனார். 'போதேல்லை' லேசில் போகவில்லை, அழுத்தி எழுதியிருந்தாய்.

'மூ'வில் மட்டும் கை வைக்கவில்லை. வருகிற பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. மரியாவிடம் சொல்லிவிட்டேன்: அந்த எழுத்தைக் கண்டால் மூச்சு எடுக்கச் சொல்லுங்கோ, பாட்டிலை ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு பஸ் எடுத்துப் போய், நான் வழக்கமாக இருக்கிற பின் வாங்கில் இருப்பேன். அவள் எங்கெங்கே மூச்சு எடுக்கிறாள் என்று எண்ணி, வருகிற கிழமை உனக்கு எழுதுகிறேன். அதற்குள் 'ழ'வையும் திருத்தப் பார்க்கிறேன்.

உன் புத்தகத்தை இப்போது நேராகப் பிடிக்கிற,
உன் அப்பா