கணக்கெடுப்பில் கிடைத்த அக்கா

உக்கடம், கோவை
12.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை மெர்சியின் தோத்திரம். மஸ்கட்டில் குளிர் எப்படி? போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தாத்தா காலத்திலிருந்து சில வருடங்களுக்கு ஒரு முறை நம் வீட்டுக்கு வந்து, யார் யார் இருக்கிறீர்கள், என்ன வேலை, என்ன படிப்பு என்று கேட்டுப் போவார்களே, அந்தக் கணக்கெடுப்புக்காரர்கள் நேற்று என்னைத் தேடி வந்தார்கள். வீட்டைவிட்டுப் போனவர்களையும் விடாமல் தேடிப் பிடிப்பார்களாம். வந்த பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "உங்க அக்காவ மேட்டுப்பாளையத்துல போன மாசமே பாத்துட்டமுங்க."

எனக்கு ஏது அக்கா? நான் பிறப்பதற்கு முன்பே கயல்விழி பவானி ஆற்றோடு போய்விட்டாள். உடல் கிடைக்காததால் அப்பா சாகும்வரை "காணோமுங்க" என்றே அவர்களிடம் சொல்லி வந்திருக்கிறார். அவர்களும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லட்டுமா?

உங்கள்
மெர்சி

மஸ்கட்
20.1.2025

மெர்சிக் கண்ணுக்கு,

அம்மாவிடம் மூச்சு விடாதே. கயலைத் தண்ணீர் இழுத்துப் போனதைக் கரையிலிருந்து பார்த்தவன் நான். ஒன்பது வயதில் பார்த்தது, இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இது வேறு யாரோ. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன் பிரவின்

உக்கடம்
9.2.2025

அன்புள்ள அண்ணா,

மேட்டுப்பாளையம் போனோம். அந்தப் பெண் பாக்கு மண்டியில் வேலை செய்கிறாள். பெற்றோர் யாரென்று தெரியாமல் வளர்ந்தவள். கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"பிரான்சிஸ் மகளா, அம்மா பேரு பொன்னாத்தாளா, ஊரு சத்தியமங்கலமான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. அதுவரைக்கும் என்னையத் தேடீட்டு ஆருமே வந்ததில்லீங்க அம்மணி. எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிப்போட்டேன்."

பாவமாக இருந்தது. திரும்பிவிட்டோம். ஆனால் அந்தக் கணக்கெடுப்புப் பெண் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். இன்று ஊருக்குப் போனால், அவள் அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அம்மா தலை சீவிவிடுகிறாள்.

"அம்மா, இவங்க நம்ம கயலு இல்லீங்க. என்றகிட்டச் சொன்னாங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "கயலு, ஊட்டுக்கு ஆரோ வந்திருக்கறாங்க பாரு கண்ணு" என்றாள்.

அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். சமையல்கட்டில் எது எங்கே இருக்கிறதென்று ஒருமுறைகூட அவள் தேடவில்லை.

பயமாக இருக்கிறது அண்ணா. லீவு போட்டு வாருங்கள்.

மெர்சி

சத்தியமங்கலம்
16.3.2025

மெர்சிக்கு,

அவள் கயல் இல்லை. வாசலில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஏனுங்கண்ணா, இப்பிடி இளைச்சுப்போட்டீங்க?" என்றாள். அம்மா சிரித்தாள். அப்பா போனபின் அம்மா சிரித்து நான் கேட்டதே இல்லை. சாப்பிட உட்கார்ந்தேன்.

கயலுக்குப் பிறகு தனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்கிறாள் அம்மா. உனக்காகச் சண்டை போட்டேன். நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியதைச் சொல்ல வந்தேன். நினைவில் குழந்தை இருக்கிறது, முகம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனதை நினைத்தேன். பக்கத்தில் நடந்து வருவது நீ இல்லை, அவள்தான்.

நேற்று கணக்கெடுப்புப் பெண் வந்திருந்தாள். "கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?" என்றாள். "ஒருத்திதானுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது.

தயவுசெய்து இனி இங்கே வராதீர்கள். தெரியாதவர்கள் வாசலில் வந்து நின்றால் அம்மா பயப்படுகிறார். உங்களுக்கும் எங்கோ ஒரு குடும்பம் இருக்கும். அந்தக் கணக்கெடுப்புப் பெண்ணிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எப்படியும் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பிரவின்குமார்