ஏரியைப் பற்றி எழுதாதே

எல்லர்ஸ்லி, ஓக்லாந்து
12 மே 1996

அன்புள்ள தம்பி பீற்றருக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. தடித்த உறையைக் கண்டதும் மனம் பதறிவிட்டது. எங்கள் வீட்டுக்குத் தடித்த உறைகள் நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே வாசித்தேன். பிறகு அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். "உன்ரை தம்பி சுற்றுலாப் புத்தகம் எழுதலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏரிக்கு நடுவே மரக்கட்டைகளால் ஆயிரம் வருடத்துக்கு முன் கட்டிய கிராமத்தைத் தோண்டியெடுத்து அதே இடத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மின்கம்பத்தின் மேல் செங்கால் நாரை கூடு கட்டுவதை எழுதியிருந்தாய். முன்பு அரசாங்கப் பண்ணைக்காகச் சதுப்பு நிலங்களை வற்றவைத்த எஞ்சினியர், இப்போது வற்றாமல் மிஞ்சிய சதுப்பை வெளிநாட்டாருக்குக் காட்டும் வழிகாட்டி என்று உன்னையே கேலி செய்திருந்தாய். எல்லாம் சரி. இனேசே எங்கே? கட்டின மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லாமல் இவ்வளவு நீளக் கடிதம் எழுத ஒருவனால் எப்படி முடிகிறது?

அப்பா மன்னாரிலிருந்து கடைசியாக எழுதிய கடிதம் உனக்குத் தெரியாது. நீ அப்போது புலமைப்பரிசில் கிடைத்து சோவியத் நாட்டுக்குப் போய்விட்டாய். கடிதம் முழுவதும் கோட்டையும் பெருக்கு மரங்களும்தான். அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார். நானும் ரசித்து வாசித்தேன். அடுத்த கிழமை அவர் இறந்த தந்தி வந்தது. அதன் பிறகு எங்கள் ஆட்கள் யாராவது இயற்கைக் காட்சி எழுதினால் நான் அடுத்த தந்தியைத்தான் எதிர்பார்ப்பேன்.

ஆகவே நேராகக் கேட்கிறேன். உனக்கு உடம்பு சுகமா? இனேசே சுகமா? அந்த நாட்டில் இருக்க உனக்கு அனுமதி ஒழுங்காக இருக்கிறதா? உன்னை இங்கே கூப்பிட நான் ஸ்பொன்சர் செய்யலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீ ஓம் என்றால் போதும். மாரிக்கு முன் வந்துவிடலாம்.

மகள் ஜெனுஷா உன்னை விசாரித்தாள், ஆங்கிலத்தில்தான். தேகத்தைக் கவனித்துக்கொள்.

உன் அன்பு அக்கா,
புஷ்பமலர்


செசிஸ் அருகே, லத்வியா
9 ஜூன் 1996

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிட்டால் மிச்சத்தை நீங்கள் இருந்து வாசிப்பீர்கள்.

அக்கா, நீங்கள் சின்ன வயதில் என் கணக்குக் கொப்பியைத் திருத்துவது போலவே என் கடிதத்தையும் திருத்துகிறீர்கள். எனக்கு உடம்பு சுகம். அனுமதிப் பத்திரம் ஒழுங்காக இருக்கிறது. இனேசே இப்போது ரீகாவில் வேலை செய்கிறாள், விசாரித்ததாகச் சொல்லுகிறேன்.

இந்தக் கோடையில் நீங்களும் அத்தானும் ஏன் ஒருதரம் வரக்கூடாது? இன்னும் இரண்டு கிழமையில் ஸ்நாபக அருளப்பர் திருநாள். கோயிலில் கொண்டாடுவதை விட வயலில்தான் கொண்டாட்டம். விடியும் வரை நெருப்பு வளர்த்து, தலையில் கருவாலி இலை முடி வைத்துக்கொண்டு பாடுவார்கள். நம்முடைய சீரகம் போலவே ஒன்றைப் போட்டுப் பாலாடைக்கட்டி செய்வார்கள். உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சாப்பிடுவீர்கள். பிறகு கௌயா ஆற்றில் வள்ளத்தில் போகலாம். கரையெல்லாம் சிவந்த மணற்பாறை. பாசி படர்ந்த சதுப்பின் மேல் பலகைப் பாதையில் நடக்கலாம். காலுக்குக் கீழே நிலம் மெத்தை போல அசையும். பயப்பட வேண்டாம்.

போன கிழமை ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவின் அம்மம்மா இங்கேயுள்ள பழைய பிரபு மாளிகையில் பிறந்தவராம். பண்ணைக் காலத்தில் அதைத் தானியம் காயவைக்கப் பாவித்தோம். அந்த அம்மா ஓடு பதித்த கணப்படுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பியானோ இருந்த அறை எது?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஆறு யன்னல் இருந்த அறையைக் காட்டினேன். அங்கே நின்று அழுதார். எங்களுடைய பூச்சி மருந்து மூட்டைகள் அடுக்கியிருந்த அறை அது. போகும்போது என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

அங்கே வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் வந்தால் மிளகாய்த் தூள் மறக்க வேண்டாம்.

தங்கள் தம்பி,
பீற்றர்
(இங்கே எல்லாருக்கும் நான் பேத்தெரிஸ்)


எல்லர்ஸ்லி, ஓக்லாந்து
8 ஜூலை 1996

அன்புள்ள தம்பி,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. உன்னைப் பற்றி ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது. பிழை என்னுடையது.

நீ முன்பு தந்திருந்த அயல்வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கு வெள்ளிக்கிழமை எடுத்தேன். யாரோ வயதானவர். உன் பெயரைச் சொன்னேன். "பீற்றர் குட்" என்றார். இனேசேயின் பெயரைச் சொன்னேன். "இனேசே நோ, நோ" என்றார். அவருக்கு அதற்கு மேல் ஆங்கிலம் இல்லை, எனக்கு அவருடைய மொழி இல்லை. வைத்துவிட்டார். ரீகாவில் வேலை செய்கிறவளைப் பற்றி அப்படியா சொல்வார்கள்? என்ன 'நோ'? வேலைத்தளத்தில் அன்று முழுவதும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. வாசலில் ஒரு கூடை வைத்திருப்பார்கள். ஆட்கள் தங்கள் வேண்டுதலைத் துண்டில் எழுதிப் போடுவார்கள். மகனின் சோதனை, முழங்கால் ஒப்பரேஷன், தங்கையின் விசா, இப்படி. எனக்கு ஊருக்கெல்லாம் சொல்ல மனமில்லை. 'பீற்றர்' என்று பெயரை மட்டும் எழுதிப் போட்டேன். ஆண்டவருக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைத்தேன்.

உயிரோடிருப்பவர்களுக்குத்தான் காரணம் எழுதுவார்களாம். வெறும் பெயர் என்றால் அது இறந்தவர்களின் பட்டியலாம். இத்தனை வருடம் அந்தப் பூசைக்குப் போகிறேன், எனக்கு இது தெரியாது. "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும்" என்று உன் பெயரை வாசித்தார்கள். முழுக் கோயிலும் பதில் சொன்னது. பழக்கதோஷத்தில் நானும் சேர்ந்து சொல்லிவிட்டேன்.

நான் எழுந்து மறுப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். பூசை முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். மலேசியாவிலிருந்து வந்த ஜோசபின் என்னைக் கட்டிப்பிடித்து, "ஏன் சிஸ்டர், ஒரு வார்த்தை சொல்லலையே, நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று அழுதார். இல்லை, அவன் சாகவில்லை என்றேன். "ஆமா சிஸ்டர், அவங்க எங்கயும் போகல, நம்மகூடதான் இருக்காங்க" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். தேநீர் குடிக்கும் இடத்தில்தான் ஒருவாறு விளங்கப்படுத்தினேன். அதற்குள் யாரோ வீட்டுக்குப் போய் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகன் வரதராஜன் அண்ணைக்குப் போன் பண்ணிவிட்டார்கள். நான் அவருக்குப் போன் எடுக்கும்போது அவர் உன் வீட்டுக்கு அனுதாபத் தந்தியே அடித்துவிட்டார். "செத்தவன்ரை அக்கா நீ, உனக்கு இப்ப மனம் ஏற்காது" என்று எனக்கே ஆறுதல் சொல்லுகிறார்.

தந்தி வந்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று கேட்கிறேன், இது உன்னாலும் வந்த வினை. அந்த ஜெர்மன் அம்மாவுக்கு ஏதோ ஒரு அறையைக் காட்டி அழவைத்தாய். எனக்கும் அப்படித்தான் ஏதோ ஒரு அறையைக் காட்டிக்கொண்டிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் ஏரியைப் பற்றி எழுதாதே. இனேசேக்கு என்ன நடந்தது என்று எழுது. அவள் இல்லையென்றால் இல்லை என்று எழுது. தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா


செசிஸ் அருகே
24 ஜூலை 1996

அன்பின் அக்கா,

தந்தி வந்தது. உங்கள் கடிதத்துக்கு முன்னமே வந்தது.

நான் அப்போது பின்லாந்துக்காரர் சிலரோடு ஆற்றில் வள்ளம் விட்டுக்கொண்டு, கரையிலே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தேன். தந்தி ஆங்கிலத்தில். தபால்காரப் பெண்ணுக்கு என் பெயரும் சாவு என்ற சொல்லும் மட்டும் விளங்கியிருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போன ஆளை எங்கே தேடுவாள்? தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த இனேசேயை ரீகாவில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

நான் ஆற்றிலிருந்து திரும்பும்போது என் வீட்டுப் புகைபோக்கியில் புகை. கதவைத் தள்ளினால், கறுப்புத் துணி தலையில் கட்டிக்கொண்டு இனேசே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். செத்த வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சமைக்க வேண்டுமாம்.

"நீ செத்துப்போனாய் எண்டாங்கள்" என்றாள். அவள் மொழியில்தான், நான் எங்கள் மொழியில் எழுதுகிறேன்.

"இல்லை, ஆத்திலை நிண்டனான்" என்றேன்.

கையிலிருந்த கிழங்கால் எறிந்தாள். நெற்றியில் பட்டது. பிறகு நிலத்தில் இருந்து அழுதாள். அழுது முடிந்ததும், "சாகிறதைக்கூட உன்ரை அக்காதான் தீர்மானிக்கிறாவோ?" என்று கேட்டாள். அக்கா, எங்கள் வீட்டில் நீண்ட காலத்துக்குப் பிறகு இரண்டு பேர் சேர்ந்து சிரித்தோம்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். அவள் போன இலையுதிர் காலத்தில் என்னை விட்டுப் போனாள். ரீகாவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது, என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அவளுக்கு இது பிறந்த ஊர், அதனால் விட்டுப் போக முடிந்தது. எனக்கு இது நானாகத் தேர்ந்த ஊர். இப்போது தந்திக்காக வந்தவள் ஞாயிறு வரை இருந்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த ஊரை நானாகத் தேர்ந்ததால்தான் ஓக்லாந்துக்கும் வரவில்லை, அக்கா. அந்த ஸ்பொன்சர் அலுவலை விட்டுவிடுங்கள். கோபிக்க வேண்டாம்.

ஏரியைப் பற்றி எழுதாதே என்றீர்கள். ஒரே ஒரு தரம் எழுதுகிறேன். இங்கே நவம்பரில் ஆட்கள் வருவது நின்றுவிடும். பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும். அந்த மாரி முழுவதும் நான் அயல்வீட்டுக் கிழவரைத் தவிர யாரோடும் கதைக்கவில்லை. சில நாட்களில் கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஏன் எழும்பவேண்டும் என்று தோன்றியது. இதற்கு மேல் அதை எழுதத் தெரியவில்லை. மார்ச் முடிவில் ஒரு காலை பனிக்கட்டி உடைந்து ஏரியில் தண்ணீர் தெரிந்தது. அன்றுதான் உங்களுக்கு அந்தப் பெரிய கடிதத்தைத் தொடங்கினேன். எதையும் மறைக்க எழுதவில்லை. பார்த்ததை யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. அப்பாவும் அந்த மரத்தை உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வருவதானால் கோடையில் வாருங்கள். மாரியில் வேண்டாம். காட்ட ஒன்றும் இருக்காது. நானும் காட்டக்கூடிய ஆளாக இருக்கமாட்டேன்.

பீற்றர்


எல்லர்ஸ்லி, ஓக்லாந்து
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்துவிட்டேன். அத்தானுக்கு முழுவதும் வாசித்துக் காட்டவில்லை. கிழங்கால் எறிபட்டதை மட்டும் வாசித்தேன். "அந்தப் பெட்டை குறிபார்த்து எறிஞ்சிருக்கிறாள், நல்ல பெட்டை" என்றார்.

ஸ்பொன்சர் அலுவலை நிறுத்திவிட்டேன். கோபமில்லை. இங்கே வந்திருந்தால் நீ மங்கரேயில் விமான நிலையப் பக்கம் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போயிருப்பாய், நான் உனக்குச் சோறு கட்டித் தந்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அது என் நிம்மதி. உன்னுடையது அல்ல என்று விளங்குகிறது.

அப்பாவின் கடிதத்தைப் பற்றி நீ சொன்னது சரியாக இருக்கலாம். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நான் அப்படிப்பட்டவள், உனக்குத் தெரியும். ஆனால் எடுத்து மறுபடி வாசித்தேன். இந்தத் தடவை அழுகை வரவில்லை.

வரதராஜன் அண்ணை உன் பெயரில் சாப்பாடு கொடுத்து முடித்துவிட்டார். நீ உயிரோடிருப்பதை நம்புகிறார், ஆனால் கொஞ்சம் மனத்தாங்கலோடு. அவருக்கு ஒரு படம் அனுப்பிவிடு. சிரித்துக்கொண்டிருக்கிற படமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பழைய படம் என்பார்.

இனேசேக்கும் தனியாக எழுதினேன். அவள் ஹோட்டலின் பெயரைத் தேடிப் பிடிக்க உன் அயல்வீட்டுக்காரரோடு அரை மணித்தியாலம் தொலைபேசியில் போராடினேன். ஆங்கிலத்தில் நாலு வரி. நீ மறுபடி செத்ததாக யாராவது சொன்னால் முதலில் என்னைக் கேட்கும்படி எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவே வர நான் யார்?

நிற்க. நான் கோடையில் வரவில்லை. கோடை எனக்கு இங்கேயே இருக்கிறது, ஜனவரியில். நான் வேலை செய்யும் கந்தோரை டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு மூடுவார்கள். அதோடு சேர்த்து லீவு கேட்டேன், தந்துவிட்டார்கள். அத்தானுக்கு லீவு இல்லை, தனியாகத்தான் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. ஜெர்மன்காரருக்கும் பின்லாந்துக்காரருக்கும் நீ காட்டுகிற மாதம் எனக்கு வேண்டாம். ஒருவருக்கும் காட்டாத மாதத்தில்தான் எனக்கு அங்கே வேலை இருக்கிறது. நீ கட்டிலை விட்டு எழும்பாவிட்டால் பரவாயில்லை. நான் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பேன்.

வேண்டாம் என்று எழுதாதே. நான் வாசிக்கமாட்டேன். இங்கே கடையில் உள்ள எந்தக் கோட்டும் அந்தக் குளிருக்குக் காணாது என்று கடைக்காரி சொல்கிறாள். என்ன உடுப்பு வேண்டும், எத்தனை அடுக்காகப் போடவேண்டும் என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
புஷ்பமலர்