நான் விட்ட சைவ மீன்

என் அடுக்களை முழுக்க இப்போது மீன் வாடை. நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். முட்டைகூட வாசல் தாண்டி வராத வீடு இது. இங்கே பழைய அலுமினியச் சட்டியில் ஒரு புல் கெண்டைத் தலை கொதித்துக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். விலங்கியல் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவள் நான். மீனை வீட்டுக்குள் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை.

வாடை ஏறியதும் இராஜாக்கமங்கலத்தில் உன் வீட்டு அடுக்களைக்கே போய்விட்டேன். வீட்டில் எல்லோருக்கும் கடல் மீன் குழம்பு வைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் நீ குளத்துக் கெண்டைத் தலையை வேகப் போடுவாய். சேற்று மீனை விலை கொடுத்து வாங்கி வருகிறாளே என்று உன் அம்மா முணுமுணுப்பார்கள். வெந்த தலையைக் கரண்டியால் பிரித்து, செவுளுக்குப் பின்னாலிருந்து பிறை போல வளைந்த இரண்டு எலும்புகளை எடுத்து, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி என் பக்கம் நீட்டுவாய். நான் கைக்குட்டையை விரித்து அதில் வாங்கிக்கொள்வேன். உனக்குச் சிரிப்பு தாங்காது. "மீனத் தின்னாதவ மீன் பாடம் எடுக்கா" என்று மறுநாள் டிபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிவிடுவாய். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. என்னால் ஒரு உயிருக்கும் கேடில்லை என்கிற பெருமை. அது உனக்குத் தெரிந்திருக்கும். நீ சொன்னதில்லை.

இருவருக்கும் ஒரே பாடம்தான். நான் புத்தகத்தைப் பார்த்து நடத்துவேன், நீ மீன் தலையைப் பார்த்து நடத்துவாய். கெண்டைக் குடும்பத்தின் தாடையில் பல்லே கிடையாது. எந்தக் காலத்திலோ அதன் மூதாதைகள் வாய்ப் பல்லை இழந்துவிட்டன. கடைசிச் செவுள் வளைவில் இருந்த பற்கள் மட்டும் மிஞ்சின. வாய் உறிஞ்சிக் கொடுக்கும், தொண்டை அரைக்கும். வயிற்றில் இரைப்பையும் இல்லை, அதனால் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கிளையும் தனக்குக் கிடைத்த தீனிக்கு ஏற்றபடி மாறியது. கட்லா கெண்டையின் வாய் மேலே பார்த்தது, மிர்கால் கெண்டையின் வாய் சேற்றைப் பார்த்தது. நத்தை தின்பதன் தொண்டையில் அம்மி போலத் தட்டைப் பல், புல் தின்பதன் தொண்டையில் ரம்பப் பல். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பிள்ளைகளிடம் சொல்வதையே என்னிடமும் சொல்வாய்.

"வாயப் பாத்து ஏமாறாத மக்கா. தொண்டையப் பாரு."

சனிக்கிழமைகளில் நீ எங்கள் ஊர்க் குளத்துக்கு வருவாய். படித்துறையின் கடைசிப் படியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய். வாலுக்கு முன்னால் கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சின்னக் கெண்டைகளுக்கு நீ வைத்த பெயர் பொட்டுக்காரி. மழை பெய்து புதுத்தண்ணீர் வந்தால் ஆண் மீன்களின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டுவிடும். பாசிக்குள் புகுந்து முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், குஞ்சுகளும் அந்தப் பாசிக்குள்ளேயே ஒளிந்து வளரும். இதை எனக்குக் காட்டித் தந்தது நீ. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருந்து பற்றியோ வலி பற்றியோ பேசாமல், போன் போட்டு ஒன்றையேதான் கேட்பாய்.

"பொட்டுக்காரிகள் இருக்காளுவளா?"

நான் படித்துறையில் நின்றபடியே இருக்கிறார்கள் என்று சொல்வேன். நீ சரி என்று வைத்துவிடுவாய்.

நீ போன பிறகு குளத்தில் பாசி மண்டிவிட்டது. மடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று வயற்காரர்கள் சத்தம் போட்டார்கள். களைக்கொல்லி அடிக்கலாம் என்று ஊர்த் தலைவர் சொன்னார். கோயில் குளத்தில் விஷமா என்று நான் குறுக்கே விழுந்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். நான் எழுந்து நின்று, புல் கெண்டைக் குஞ்சு வாங்கி விடுவோம், அது பாசியை மட்டும் தின்னும், வேறு ஒன்றையும் தொடாது, சுத்த சைவ மீன் என்று சொன்னேன். தலைவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சைவ மீனா டீச்சர்? அப்பம் நம்ம கொளத்துக்கு அதுதான் பொருத்தம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கோயில் குளத்தில் சைவ மீன்! எங்கள் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? என் சொந்தச் செலவில் குஞ்சு வாங்கினேன். உன் ஞாபகமாக விடுகிறேன் என்று சொன்னதும் அவர்களே படித்துறை மேல் நீலப் பலகை வைத்து உன் பெயரை எழுதினார்கள்.

பொட்டுக்காரிகளுக்கு அந்தப் பாசிதான் வீடு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சைத் தாளில் வந்திருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். சைவம் என்ற சொல் வாயில் வந்ததும் மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோனது. இதைத்தான் உன்னிடம் சொல்ல நா எழவில்லை, எழுதவும் கை கூசுகிறது.

ஒரு வருஷம் குளம் பளிச்சென்று இருந்தது. அஞ்சுகிராமத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள், என்னோடு நின்று போட்டோ எடுத்தார்கள். அப்புறம் தண்ணீர் பச்சையாகக் கலங்க ஆரம்பித்தது. தின்றதில் பாதியைக் கழித்துத் தள்ளுகிற மீன், அந்த உரத்தில் தண்ணீரே பச்சையாகிவிட்டது. நான் கடைசிப் படியில் உட்கார்ந்து சோற்றுப் பருக்கை போட்டேன். பெரிய பெரிய முதுகுகள் தண்ணீரைப் பிளந்து வந்தன. பொட்டு வைத்தது ஒன்றுகூட வரவில்லை. பாசியைத் தின்றபோது அதில் ஒட்டியிருந்த முட்டையும் சேர்ந்துதான் உள்ளே போயிருக்கும். என் சைவ மீன்!

வளர்ந்த மீனைப் பிடிக்க இன்று காலை வலை போட்டார்கள். மடைக்குத் தண்ணீர் தடையில்லாமல் போவதில் ஊருக்குச் சந்தோஷம்; மாலையில் கூட்டம், எனக்குப் பொன்னாடை, அடுத்த குளத்துக்கும் இதே மீன் விடுவதாகத் தீர்மானம். அதனால்தான் வலைக்காரரிடம் ஒரு தலை கேட்டு வாங்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இலையில் பொதிந்து கொடுத்தார்.

தலை வெந்துவிட்டது. கைக்குட்டை எடுக்கவில்லை. வெறுங்கையால் பிரித்து எலும்பை எடுத்துவிட்டேன். கதிர் அறுக்கிற கருக்கரிவாளின் பல் மாதிரியே இருக்கிறது. வாய் என்னவோ சாது வாய்தான், உதடு மட்டும்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

பொன்னாடையை விரிக்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன். எலும்பைத் தலைவர் கையில் வைத்தேன். இந்த மீன் இந்தக் குளத்துப் பழைய கெண்டையை இல்லாமல் ஆக்கிவிட்டது, சைவ மீன் என்று சொல்லி இதை விட வைத்தது நான், தப்பு என்னுடையது, அடுத்த குளத்துக்கு வேண்டாம் என்றேன். பின்வரிசையில் யாரோ, சின்ன மீன்தானே, போனால் போகட்டும் என்றார். தலைவர் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதுனாலதான டீச்சர் ஊரு நம்பிச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

புல் கெண்டைகளை முழுக்கப் பிடித்துவிடுவதாக ஒத்துக்கொண்டார்கள். உன் பெயர்ப் பலகையையாவது கழற்றிவிடுங்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

"செத்தவங்க பேர எடுக்கப்பிடாது டீச்சர். அது அங்ஙனயே இருக்கட்டும்."

இருக்கிறது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து, கீழே பொட்டுக்காரிகள் இல்லாத தண்ணீர். நீ உட்கார்ந்த படி அதற்கு நேர் கீழேதான்.

மடைக்குக் கீழே வாய்க்காலில் கொஞ்சம் பாசி மிஞ்சியிருக்கிறது. நாளையிலிருந்து அங்கே பொட்டுக்காரிகளைத் தேடப் போகிறேன். கிடைத்தால் கொண்டுவந்து விடுவேன். கிடைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், என் வாக்கு எப்படிப்பட்டது என்று பார்த்தாகிவிட்டது. எலும்பைக் கழுவி என் பர்ஸில் வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கும்போதெல்லாம் விரலில் குத்தும். குத்தட்டும்.

சனிக்கிழமை வந்தால் இன்னமும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் படித்துறையில் உட்காருகிறேன். நீ கேட்க மாட்டாய் என்பது ஒன்றுதான் இப்போது எனக்கு ஆறுதல். உன்னை நினைத்து இப்படி ஆறுதல் அடைகிற நிலைக்கு வந்துவிட்டேனே மக்கா.