மாப்பிள்ளை பார்க்கக் கப்பலேறினேன்

ஏப்ரல் 22, திங்கள். நெடுந்தீவு

இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியூர்ச்சனம் கனக்க. காலைப் படகில் வந்து, காட்டுக்குதிரையையும் அடிபெருத்த பழைய பெருக்குமரத்தையும் பார்த்து, என்னிடம் நண்டுக்குழம்பும் சோறும் தின்று, பின்னேரப் படகில் போய்விட்டார்கள். இடுப்பு முறிந்துபோயிற்று.

சட்டி கழுவும்போது சுவீடனிலிருந்து மாக்கிறேற் அக்கா போன். அவளிடம் போய்வர எனக்கு விசா வந்துவிட்டது, இனி வாயைத் திறக்கலாம் என்று காத்திருந்திருக்கிறாள். ஹெல்சிங்கியில் ஒருவர் இருக்கிறாராம், பிரதாபன் என்று பெயர். ஊர்காவற்றுறைப் பெடியனாம். ஐம்பத்துமூன்று வயதில் என்ன பெடியன்! மனைவி தவறி ஆறு வருடம். பஸ் ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற ஒரு மகள். குடி இல்லை, எங்கள் கத்தோலிக்க வேதம்தான்.

"கிறேஸ், உனக்கு நாப்பத்தேழு. இனி ஆர் வருவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

கோபம் வந்தது. ஆனால் போனை வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? சனம் போன பிறகு இந்த வளவில் ஒரு சொல் கதைக்க ஆளில்லை, அதுதான். ஆட்டோடு எவ்வளவுதான் கதைக்கிறது.

ஏப்ரல் 23

யோசித்துவிட்டேன். ஆளைப் பார்ப்பேன். பிடித்தால் கட்டுவேன். ஆனால் அங்கே போய் இருக்கமாட்டேன், அவர் இங்கே வரட்டும். இந்தக் குசினி நான் கல்லடுக்கிக் கட்டியது. தேடி வந்து சாப்பிடுகிறார்கள். இதை விட்டுவிட்டு ஒரு அடுக்குமாடியில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது.

ஊரெல்லாம் வெளிநாடு போகத்தான் கலியாணம் கட்டுது. நான் வெளிநாட்டு மாப்பிள்ளையை நெடுந்தீவுக்குக் கூப்பிடப்போறன். சிரிக்கிறவை சிரிக்கட்டும்.

ஏப்ரல் 25

அக்காவுக்குச் சொன்னேன். "உனக்கு மூளை கழண்டுபோச்சு" என்றாள். அவ்வளவுதான்.

யூன் 7, வெள்ளி. ஸ்ரொக்ஹோம்

இங்கே பத்து மணிக்கும் வெயில். கோழிகள் இருந்தால் பாவம், எப்போது அடையும்?

அக்காவோடு இன்றும் சண்டை. வீடியோவில் ஆளைப் பார்த்தால் போதுமாம். "தக்காளிப்பழம் வாங்கிறதெண்டாலும் நான் கையிலை எடுத்துப் பாக்கிறனான்" என்றேன். "எங்கட வழக்கத்திலை அவையள்தான் பொம்பிளை பாக்க வரவேணும். நாங்கள் போறதில்லை" என்றாள். அவருக்கு லீவு ஒரு நாள்தான் கிடைக்குமாம், வர முடியாதாம்.

"அப்ப நான் போறன்."

கப்பல் இருக்கிறது. பின்னேரம் இங்கே ஏறினால் விடியக் காலமை ஹெல்சிங்கி. பகல் அங்கே நின்றுவிட்டு, அதே கப்பலில் திரும்பலாம். அக்கா முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள். பிறகு இரண்டு பேருக்கும் ரிக்கெற் போட்டாள். நீட்டின முகம் ஏன் திடீரென்று சுருங்கியது என்று எனக்கு விளங்கவில்லை.

யூன் 13, வியாழன்

அக்காவின் குசினியில் பயற்றம் பணியாரம் சுட்டேன். ஒரு ரின் நிறைய. கைவீசிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது.

யூன் 14, வெள்ளி. கப்பல்

என்னைப் போல ஒரு விசரி இந்தக் கப்பலில் ஏறியிருக்கமாட்டாள்.

நெடுந்தீவுப் படகு ஏறுகிற நாளில் நான் வயிற்றில் ஒன்றும் வைப்பதில்லை. வைத்தால் பாதிக்கடலில் எல்லாம் வெளியே வந்து சத்திதான். அதேபோல இன்று காலையிலிருந்து வெறும் வயிறு. கையில் ஒரு தேசிக்காய், மடியில் ஒரு சொப்பிங் பை. ஏறினதும் வாசலுக்குக் கிட்ட ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டேன், இறங்கச் சுகமாக இருக்கும் என்று. அக்கா சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டாள். விதவிதமாக மீன், இறைச்சி, பழம், எவ்வளவும் எடுக்கலாமாம். "நான் வரேல்லை. முதலிலை கப்பல் வெளிக்கிடட்டும், ஆட்டம் என்னெண்டு பாப்பம்" என்றேன். கண்ணை மூடித் தேசிக்காயை மூக்கில் வைத்து மணந்தபடி இருந்தேன்.

கனநேரத்துக்குப் பிறகு அக்கா ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தாள். "எப்ப அக்கா வெளிக்கிடும்?" என்று கேட்டேன்.

"விசரி, வெளிக்கிட்டு மூண்டு மணித்தியாலம்!"

ஒரு ஆட்டம், ஒரு அசைவு இல்லை. எனக்குத் தெரியாமலே கடலுக்குள் வந்துவிட்டேன். மேல்தட்டுக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் தீவுகள், எண்ண ஏலாது. பாறையும் மரமும், தீவுக்கு ஒரு சிவத்த வீடு. கடை இல்லை, கோவில் இல்லை. யாரோ ஒரு மனிசி தனியாக உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். நான் கை காட்டினேன், அவளும் காட்டினாள். ஏனோ சந்தோசமாக இருந்தது.

சாப்பாட்டு மண்டபம் பூட்டியாயிற்று. பசி குடலைப் பிடுங்கியது. அறைக்கு வந்து ரின்னைத் திறந்தேன். ஒன்று என்று எடுத்தேன். பிறகு இன்னுமொன்று.

யூன் 15, சனி. காலை

பணியாரம் ஒன்றும் மிச்சமில்லை! கடவுளே. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிற பலகாரத்தைப் பொம்பிளையே தின்று முடித்ததை உலகத்தில் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? அக்கா பேசின பேச்சை எழுதமாட்டேன்.

அதே நாள், பின்னேரம். திரும்பும் கப்பல்

ஒழுங்காக எழுத வேண்டும். 

துறைமுகத்தில் மகள் நிலக்சனாவோடு நின்றார். படத்தைவிட வழுக்கை. உயரம் குறைவு. சேட்டை மடிப்புக் கலையாமல் அழுத்திப் போட்டிருந்தார்.

"நீர்தானோ கிறேஸ்?"

"ஓம். நீர்தானோ பிரதாபன்?"

மாப்பிள்ளையை 'நீர்' என்றதற்கு அக்கா என் முழங்கையில் கிள்ளினாள். கிள்ளட்டும்.

வெறுங்கையோடு நிற்க எனக்கு மானம் போயிற்று. மறைத்து என்ன பயன், உள்ளதைச் சொன்னேன். பணியாரம் சுட்டது, பட்டினி கிடந்தது, தின்று முடித்தது.  நிலக்சனா ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "முழு... ரின்னும்?" என்று கேட்டாள். "மூடி மட்டும் மிச்சம் பிள்ளை" என்றேன். அவள் அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார். நல்ல சிரிப்பு.

வீட்டில் அவரே சமைத்திருந்தார். மீன் குழம்பு ஒரே கசப்பு. ஆனால் மீனை முள் எடுத்து எடுத்து மகளின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு. தன் சோறு ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. ஏன் பொய் எழுத வேண்டும், பிடித்துவிட்டது.

சாப்பிட்ட பிறகு அறைக்குக் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தார். இரண்டு தட்டு வெறுமையாக, பேப்பர் விரித்துக் கிடந்தன.

"இது உமக்கு ஒதுக்கி வைச்சனான். காணாட்டில் சொல்லும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா யன்னலைப் பார்த்தாள்.

"அக்கா சொன்னவவெல்லே, நீர் ஓம் எண்டிட்டீர், சும்மா ஒருக்கா முகம் பாக்கத்தான் வாறீர் எண்டு. ஓகஸ்டிலை கலியாண எழுத்தெண்டு லீவும் கேட்டிட்டன்."

சொல் குடுத்திட்டாள்! என்னைக் கேட்காமல் எனக்காகச் சொல் குடுத்திட்டாள். மூத்தவள் சொன்னால் வீடே சொன்ன மாதிரி. அதை மறுத்தால் அவள் தலை நிமிர ஏலாது. பேசாமல் நின்றால் என் சீவியம் அந்த இரண்டு தட்டுக்குள்தான்.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை" என்றேன். "உம்மைப் பாக்க வந்தனான். பாத்திட்டன், பிடிச்சிருக்கு. ஆனால் இங்கை வந்து இருக்கமாட்டன். நீர் நெடுந்தீவுக்கு வருவீரோ?"

 அவர் கட்டிலில் மெல்ல இருந்தார்.

"அங்கை வந்து நான் என்ன செய்யிறது? அங்கை பஸ்சும் ஒண்டோ இரண்டோதானே ஓடுது."

"அதையும் ஆரோ ஒராள் ஓட்டத்தானே வேணும்."

அவர் சிரிக்கவில்லை. "ஏலாது கிறேஸ். இருபத்தாறு வருசம் இங்கை. இவளின்ரை படிப்பும் இருக்கு. ஏலாது."

"சரி" என்றேன். 

கப்பலடிக்குக் கொண்டுவந்து விட்டார். "இதைப் போனிலையே கேட்டிருக்கலாமே. இரண்டு இரவு கடலிலை அலைஞ்சு..."

"போனிலை கேட்டிருந்தால் உமக்கு ஏலாது எண்டு சொல்ல லேசாய் இருந்திருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இந்தமுறை முதல் ஆளாகச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். ஒன்றும் இறங்கவில்லை.

யூன் 16, ஞாயிறு. ஸ்ரொக்ஹோம்

இரவு கப்பல் அறையில் அக்கா, "என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய்" என்று கத்தினாள். நானும் விடவில்லை, "ஆரைக் கேட்டுச் சொல் குடுத்தனீ?" என்று கத்தினேன். பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார்கள். பிறகு அக்கா அழுதாள். "நீ ஹெல்சிங்கியிலை இருந்தால் ஒரு இரவிலை வந்து பாக்கலாமெண்டு நினைச்சன். எனக்கும் ஆர் இருக்கினம்?" என்றாள்.

 இரண்டு பேரும் ஒரு கட்டிலில் இருந்து அழுதோம். ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

யூலை 9, செவ்வாய். நெடுந்தீவு

வந்து சேர்ந்தேன். சோளகக் காற்று அடித்த அடியில் நல்ல சத்தி.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பிரதாபன் போன் எடுத்தார்! சுகம் கேட்கவில்லை. "என்ரை குழம்பு ஏன் கசந்தது?" என்று கேட்டார். வெந்தயத்தைக் கருகவிட்டிருப்பீர் என்றேன். ஓமாம். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

செப்ரெம்பர் 22, ஞாயிறு

ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறார். நிலக்சனா படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். "போகேக்கை என்ன சொன்னவள் தெரியுமோ? அப்பா, நீங்கள் எல்லாத்துக்கும் முதல் ஏலாது எண்டுதான் சொல்லுவியள். பிறகு இருந்து யோசிப்பியள்."

"அப்ப என்ன யோசிச்சீர்?"

"வந்து பாக்கட்டோ?"

எனக்குச் சந்தோசம். ஆனால் குரலில் காட்டவில்லை. "வெயிலுக்கு எல்லாரும் வருவினம். மாரிக்கு வாரும். படகு ஓடாத நாளிலை இங்கை இருந்து பாரும். அதுக்குப் பிறகு கதைப்பம்" என்றேன். வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. வராமல் விட்டுவிட்டால்?

நவம்பர் 10, ஞாயிறு

வந்துவிட்டார். என் ஒன்றுவிட்ட தம்பி சில்வெஸ்ரர் வீட்டில் அறை ஒழுங்கு செய்திருக்கிறேன். ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டுமே.

நவம்பர் 28, வியாழன்

புயல் எச்சரிக்கை. படகு நின்று நாலாம் நாள். கரண்ட் இல்லை, கடையில் வெங்காயம் இல்லை, கிணற்றுத் தண்ணீர் கலங்கிப்போயிற்று. அவருக்குக் காய்ச்சல். கஞ்சி கொண்டுபோனேன். கோப்பையைத் தள்ளிவிட்டு, "இதென்ன சீவியம்! ஒரு பனடோல் வாங்க வழியில்லை. மனிசர் இருக்கிற இடமோ இது?" என்று கத்தினார்.

"நாங்கள் மனிசர்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். மாரிக்கு வரச் சொன்னது நான். பிறகென்ன அழுகை? அதற்காக நான் கேட்டதை மாற்றமாட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

காலையில் படகு ஓடத் தொடங்கியது. சில்வெஸ்ரர் வந்து, "அக்கா, அவர் முதல் படகிலை போயிட்டார். ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

நல்லது, போகிறவர் போகட்டும் என்று மீன் வெட்டினேன். விரலையும் வெட்டினேன்.

பின்னேரப் படகில் திரும்பி வந்தார். ஒரு தோளில் வெங்காய மூட்டை, கையில் பனடோலும் பால்மாவும். "முழு ஊருக்கும் வெங்காயம் இல்லையெண்டனீர்" என்றார்.

"சொல்லிப்போட்டுப் போகத் தெரியாதோ உமக்கு? அறிவில்லையோ? நான் இங்கை காலமையிலை இருந்து..." பேசத் தொடங்கி அழுதுவிட்டேன், சில்வெஸ்ரருக்கு முன்னால். வெட்கக்கேடு.

பெப்ரவரி 2, ஞாயிறு

கோவிலில் எங்கள் கலியாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், தடை இருந்தால் யாரும் சொல்லலாம். இது முதலாவது.

பெப்ரவரி 9

அக்கா ரிக்கெற் போட்டுவிட்டாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கூறைச்சேலை என்ன நிறம் என்று கேட்டாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஒருவரும் தடை சொல்லவில்லை.

பூசை முடிந்து வரும்போது, லீவில் வந்த ஒரு கனடாக்காரர் பிரதாபனை மறித்துக் கதை கொடுத்தார். தான் புதன்கிழமை போகிறாராம், வெக்கை தாங்க ஏலாதாம்.

"நீங்கள் எப்ப திரும்பிப் போறியள்?" என்று கேட்டார்.

பிரதாபன் குடையை விரித்து என் பக்கம் பிடித்தார்.

"எங்கை?" என்றார்.