வாத்துக் கட்சி, பழக் கட்சி

ஆவணி 2, திங்கள்

காலையிலேயே வெயில். துணி துவைத்துக் காயப்போட்டேன். முதியோர் வகுப்பு டீச்சரம்மா தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். பேனாவை அழுத்துகிறேன் போல. பின்பக்கம் வரை தடம்.

இன்று படித்தவை: சோப்பு உறை. முதுநகர் பஸ் பலகை. மருந்துக் கடை வாசலில் "செருப்பை வெளியே விடவும்". யாரையும் கேட்கவில்லை. எல்லாம் நானே. ரொம்ப சந்தோஷம்.

மத்தியானம் சிதம்பரத்திலிருந்து மகள் செல்வி போன். பேத்தி யாழினிக்கு 15ஆம் தேதி காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் மகன் குமரவேல். அவன் வரமாட்டேன் என்கிறானாம்.

"ஏம்மா?"

"அண்ணனுக்கும் இவருக்கும் கம்ப்யூட்டர்ல சண்டப்பா. நீ ஒண்ணும் கேட்டுக்காத."

கேட்காதே என்றால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஆவணி 3, செவ்வாய்

புழுக்கம். சாயங்காலம் ஒரு தூறல், வந்த மாதிரி வந்து போய்விட்டது.

குமரவேலிடம் (இனிமேல் கு.) கேட்டேன். அவன் மஞ்சக்குப்பத்தில் பழைய லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். வாத்துக் கட்சி. அவன் மிஷின் மேலெல்லாம் கறுப்பு வெள்ளை வாத்துப் படம். பென்குயின்ப்பா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டான். எனக்கு வாத்துதான். மிஷினுக்குள் ஓடுகிற அந்தச் சாஃப்ட்வேர் இலவசம், யாரும் போட்டுக்கொள்ளலாம் என்பான். மாப்பிள்ளை ராஜசேகர் சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுகிறார். பழக் கட்சி. மிஷின் முதுகில் கடித்த ஆப்பிள் பழப் படம்.

மாவட்டத்துக் கம்ப்யூட்டர் ஆட்களுக்கு நெட்டில் ஒரு குழு இருக்கிறதாம். எது உசத்தி என்று இரண்டு கட்சியும் அதில் அடித்துக்கொள்கின்றன. சோறு போடுகிற வேலையை விட்டுவிட்டு.

"அதுக்கும் காதுகுத்துக்கும் என்னடா?"

"அது டெக்னிக்கல்ப்பா. உனக்குப் புரியாது."

மிஷினுக்காகப் பிள்ளைக்கு மடி தரமாட்டானாம். இவன் அம்மா இருந்திருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள்.

ஆவணி 5, வியாழன்

வெயில். கு. சாப்பிடப் போனான். கடைக்கு நான் காவல். திரை திறந்து கிடந்தது. அந்தக் குழுதான். எழுத்தும் பெரிது. மேலிருந்து விரல் வைத்து ஆரம்பித்தேன்.

"பழம் அழுகிப் போச்சு."

"பென்குயினைப் பொரிச்சுத் தின்னுடுவோம்."

சிரிப்பு வந்தது. அதற்கு அடுத்து மாப்பிள்ளை படம், பெயர். எழுத்துக் கூட்டினேன்.

"கைநாட்டு வீட்டுப் புள்ளைக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது."

திரும்பவும் கூட்டினேன். அதேதான். பக்கத்தில் வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். அதற்குமேல் படிக்க முடியவில்லை. கு. வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

இதைத்தான் டெக்னிக்கல் என்றானா. என்னைச் சொன்னதற்காகத்தான் போகமாட்டேன் என்கிறானா.

ஆவணி 6, வெள்ளி

காலை பஸ்ஸில் சிதம்பரம். ஜன்னலோரம். கோபத்திலும் பலகை படிப்பது நிற்கவில்லை. ஆலப்பாக்கம். புதுச்சத்திரம். டயர் பஞ்சர் ஒட்டப்படும்.

மாப்பிள்ளை கடையில் செல்வியும் இருந்தாள்.

"வாங்க மாமா. வெயில்ல ஏன் அலையிறீங்க? ஒரு போன் பண்ணா நானே வந்திருப்பேன்ல."

"குழுவுல என்னமோ எழுதியிருக்கீங்களாமே மாப்ளே. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

நான் வகுப்புக்குப் போவது அங்கே யாருக்கும் தெரியாது. காதுகுத்தன்று பத்திரிகையை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

திறந்தார். தன் வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. எங்க மிஷின்ல கலர் நல்லா வரும்னு போட்டிருக்கேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டு, நிலப் பத்திரம், அண்ணன் போட்ட கடுதாசி. இத்தனை வருஷமாக எனக்குப் படித்துக் காட்டியவர்கள் எல்லாம் இதே குரலில்தான் படித்தார்கள். அதில் எது நிஜம்?

திரையில் விரலை வைத்தேன். கை. நாட். டு. சத்தமாக, கடைசி எழுத்து வரை. பத்திரிகை அடிக்க வந்திருந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா, நீ படிக்கிறியா?" செல்வி முகம் அப்படி மலர்ந்தது. அதைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"படிச்சவன் எழுதுற எழுத்தா இது? நீயெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?"

நீ என்று சொல்லிவிட்டேன். இதுவரை சொன்னதில்லை. செல்வி "அப்பா, கீழ" என்று என்னவோ ஆரம்பித்தாள். காபியைத் தொடாமல் பஸ் ஏறினேன்.

ஆவணி 7, சனி

மேகம். மழை இல்லை. செல்வி போன். அழுகை.

"இப்ப அண்ணன் வந்தாலும் வேணாங்கிறாருப்பா. பெரியப்பா பையன் மடியில வச்சுக்கலாமாம்."

கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது.

"அவரு என்னைச் சொன்னது மட்டும் சரியாம்மா?"

"சரின்னு யாரு சொன்னா? அதுல புதுசா எழுதறது மேல வரும்பா. மொதல்ல எழுதுனது அடியில கெடக்கும். நீ அடிவரைக்கும் படிச்சியா?"

படிக்கவில்லை. எந்தப் புத்தகமும் மேலிருந்துதானே கீழே போகிறது. இது மட்டும் தலைகீழ் என்று எனக்கு யார் சொன்னார்கள்.

நேராகக் கடைக்குப் போனேன். அடிக்குத் தள்ளு என்றேன். கு. தயங்கினான். தள்ளினான். என் பிள்ளை எழுதியது:

"மாமனார் வீட்டு ஓசி மிஷின்ல உக்காந்துகிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்காத."

தலை தீபாவளிக்கு நான் சீராகக் கொடுத்த மிஷின். பண்ருட்டி மண்டியில் பலா சுமந்து சேர்த்த காசு. அது இவனுக்கு ஓசி. மாவட்டமே படிக்க எழுதியிருக்கிறான்.

"தட்டுல வச்சுக் குடுத்தத ஓசிங்கிறியே, வெக்கமா இல்ல?"

"அவருக்குப் புது மிஷின். நான் ஊரான் தூக்கிப் போட்டதப் பூட்டிப் பொழைக்கிறேன்."

"எனக்கும் வேணும்னு கேட்டியாடா நீ?"

"கேட்டாத்தான் குடுப்பியா?"

அதில் இன்னும் கோபம். ஸ்டூலை உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

ஆவணி 9, திங்கள்

நல்ல மழை. வெளியே போகவில்லை. மாப்பிள்ளைக்குப் போனில் எழுதினேன். இட்லிக்கு முன் ஆரம்பித்தது, சோற்று நேரம் வந்துவிட்டது. நான் ஒருவருக்கு எழுதுவது இதுதான் முதல். இங்கேயும் எடுத்து எழுதுகிறேன்.

"மாப்பிள்ளைக்கு. நான் மேலே இருந்து படித்துவிட்டேன். முதலில் வாயை விட்டவன் என் பிள்ளை. உங்களை நீ என்று சொன்னது தப்பு. நீங்கள் எழுதியதும் தப்புதான். யாழினி உட்கார வேண்டியது என் பிள்ளை மடியில். வெற்றிலை பாக்கு வைத்து அவனைக் கூப்பிடுங்கள். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்படிக்கு உங்கள் மாமனார்."

பதில்: மஞ்சளாக ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான். செல்வியைக் கேட்டேன். சரி என்று அர்த்தமாம். சரி என்று எழுத இரண்டே எழுத்து. அதற்கும் சோம்பல்.

ஆவணி 11, புதன்

மாப்பிள்ளை கு. கடைக்கு வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பத்திரிகை. வாத்துப் படங்கள் பக்கமே பார்க்கவில்லை.

"மச்சான், ஞாயித்துக்கெழம வந்துடுங்க."

"கஸ்டமர் நிக்கிறாரு. அப்படி வச்சுட்டுப் போங்க."

கஸ்டமர் யாரும் இல்லை. நின்றது நான்தான்.

"எழுந்து வாங்குடா."

எழுந்தான். வாங்கினான். மாப்பிள்ளை என்னிடம் மெதுவாக, "அந்த வரிய எடுத்துட்டேன் மாமா."

"நீ எடுத்தியாடா?"

"எடுக்கறேன்ப்பா."

"இப்ப எடு."

எடுக்கும்வரை அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அடிவரைக்கும் தள்ளச் சொல்லிப் பார்த்தேன். போய்விட்டது.

ஆவணி 15, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. கோயில் மண்டபத்துத் தூணோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மொட்டை போட்டு, சந்தனம் பூசி, யாழினி கு. மடியில். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் ஒரே அலறல். திமிறி இறங்கி ஓடி அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு பிரித்தும் வரவில்லை.

"மாமன் மடிக்குக் கொண்டாங்க. நேரம் போவுதில்ல," என்றார் ஆசாரி.

கடைசியில் மாப்பிள்ளையும் மணையை ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. பாதிப் பிள்ளை மாமன் மடியில், பாதி அப்பன் கையில்.

"மச்சான், காலப் புடிங்க."

"புடிச்சுத்தான் இருக்கேன். நீங்க தலைய ஆடாமப் புடிங்க."

இரண்டாம் காதும் ஆயிற்று. வேறு பேச்சு இல்லை. சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். இலை போட்டதும் இரண்டு பேர் கையிலும் போன். காலையில் செல்வி அந்தக் குழுவை என் போனிலும் போட்டுத் தந்திருந்தாள், திறந்து பார்த்தேன். அங்கேதான் இரண்டு பேரும்.

கு. எழுதியது: "உங்க மிஷினுக்கு சார்ஜர் வாங்கணும்னா நெலத்த விக்கணும் மச்சான்."

மாப்பிள்ளை: "உங்க மிஷின் ஆன் ஆவுறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும் மச்சான்."

இரண்டு இலையிலும் ரசம் ஓடுகிறது. சோற்றில் கை வைக்கவில்லை. இதோ எழுந்து போகிறேன். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்துத் திட்ட வேண்டும்.